அத்தாவைப் போல ஒருவர்

குடும்பத்தோடு பார்க்கலாம் என்று அந்த சிடி உறையில் அச்சடித்திருந்தார்கள். அப்படி அச்சடித்தவர் யார் என்று தெரிந்தால் இப்போதும் நிற்க வைத்து நாலு கேள்வி கேட்பேன். ஒரு ராஜகுமாரி, ஒரு பேசும் வாத்து, பறக்கிற படகு, கடைசியில் எல்லோரும் சிரித்துக்கொண்டு விருந்து சாப்பிடுவார்கள். இதில் குழந்தைக்கு என்ன கெடுதல் வந்துவிடப் போகிறது என்று பெரியவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். என் ஏழு வயதுப் பயங்களில் பேய்க்கும் பிசாசுக்கும் பங்கே கிடையாது. அத்தனையும் இந்த மாதிரி நல்ல படங்கள் கொடுத்தவை.

அப்போது நாங்கள் விருத்தாசலத்தில் செராமிக் எஸ்டேட்டுக்குப் பின்னால் இருந்த தெருவில் குடியிருந்தோம். வீட்டில் நானும் அம்மாவும்தான். அப்பாவை எங்கள் வீடுகளில் அத்தா என்போம். அத்தா சவூதியில் இருந்தார். நான் பேச ஆரம்பிப்பதற்கு முன்பே போனவர், கம்பெனி மாறி, விசா மாறி, வீடு கட்டி முடிக்கிற வரை வரவேயில்லை. எனக்கு அவர் ஒரு போட்டோவும் ஒரு குரலும்தான். ஊருக்கு வந்த ஒருவரிடம் அவர் கொடுத்தனுப்பிய டிவிடி பிளேயர் கூடத்தில் இருந்தது. அம்மாவுக்குத் தமிழ்ப் படம் என்றால் ஆகாது. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இருந்த சிடி கடையில் போய் நின்று, "புள்ள பாக்குற மாதிரி, கட்டிப்புடிக்காத படமா குடுங்க" என்று முகத்தில் அடித்தாற்போலக் கேட்பார். கடைக்காரர் எங்களைப் பார்த்ததுமே டப்பிங் செய்த மாயாஜாலப் படங்கள் இருக்கும் பெட்டியை இழுத்து வைப்பார்.

அப்படி வந்ததுதான் அந்தப் படம். ராஜா வேட்டைக்குப் போவார். காட்டில் ஒரு மந்திரவாதி அவரைப் பிடித்துக் கல் அறையில் அடைத்துவிட்டு, ராஜாவின் உருவத்தை எடுத்துக்கொண்டு அரண்மனைக்கு வருவான். வண்டி நிறையப் பரிசு கொண்டுவருவான். ராணி அவன் கொடுத்த சங்கிலியைப் போட்டுக்கொண்டதும் அவன் சொன்னதையெல்லாம் நம்ப ஆரம்பித்துவிடுவாள். மந்திரிகள் மோதிரம் போட்டுக்கொள்வார்கள், அவர்களும் காலி. ராஜகுமாரிக்கும் அவளுடைய வாத்துக்கும் மட்டும்தான் சந்தேகம் வரும். ஏனென்றால் வந்தவனுக்கு அரண்மனையில் எந்தக் கதவு எங்கே திறக்கும் என்று தெரியாது. ஊர் விழித்திருக்கும்போது தூங்குவான், ஊர் தூங்கும்போது விழித்திருப்பான். வாத்து மெட்ராஸ் பாஷை பேசும். "இன்னாமே, இது உங்க நைனா இல்லமே" என்று அது சொல்லும் இடத்தில் அம்மா விழுந்து விழுந்து சிரிப்பார். எனக்குச் சிரிப்பு வராது. அம்மாவின் புடவைத் தலைப்பை வாயில் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஆனால் திருப்பித் திருப்பிப் போடச் சொல்வேன்.

அந்தப் படத்தைப் பார்த்த சூடு ஆறுவதற்குள் அத்தா வந்துவிட்டார்.

மங்கலம்பேட்டையிலிருந்து மாமா காரை எடுத்துக்கொண்டு மெட்ராஸ் ஏர்போர்ட்டுக்குப் போய்க் கூட்டிவந்தார். காலையில் வாசலில் கார் நின்றதும் தெருவே கூடிவிட்டது. இறங்கினவர் போட்டோவில் இருந்தவரைவிடக் கறுப்பாக இருந்தார், முன்பக்கம் முடியைக் காணோம். "அத்தா வந்துட்டாரு, ஓடு, சலாம் சொல்லு" என்று அம்மா என் முதுகில் தள்ளினார். அவர் கையை நீட்டிக்கொண்டு குனிந்தார். போனில் கேட்ட குரல் மெலிசாக, கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருக்கும். இந்தக் குரல் தடியாக இருந்தது. நான் அம்மாவின் பின்னால் போய்விட்டேன். "பழக்கம் இல்லல்ல, ரெண்டு நாள்ல சரியாயிடும்" என்று மாமா சொன்னார்.

சரியாகவில்லை. வீட்டுக்குள் நுழைந்ததுமே அவர் சமையலறைக்குப் போகிற படியில் கால் இடறிக்கொண்டார். அந்தப் படி இருப்பது எங்கள் வீட்டுப் பூனைக்குக்கூடத் தெரியும். லைட் போடுவதற்கு சுவரைத் தடவிக்கொண்டு நின்றார். பாத்ரூம் என்று நினைத்து அரிசி மூட்டை வைத்திருந்த அறையைத் திறந்தார். "கட்டுனவருக்கே வழி தெரியல பாரு" என்று மாமா கிண்டல் செய்தார், அவரும் சிரித்தார். அவர் அனுப்பிய காசில் மாமா நின்று கட்டிய வீடு அது. அத்தா அதை போட்டோவில்தான் பார்த்திருந்தார். இதையெல்லாம் யாரும் எனக்கு எடுத்துச் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம், கதவு தெரியாமல் ஒருவர் எங்கள் வீட்டுக்குள் நடமாடுகிறார் என்பதுதான்.

சாயங்காலம் பெட்டியைப் பிரித்தார். புலி படம் போட்ட கம்பளி, சென்ட்டு, பாதாம், டார்ச்லைட். அம்மாவுக்கு ஒரு சங்கிலி. அம்மா அதை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் போய் நின்றபோது நான் ஓடிப்போய்ப் புடவையைப் பிடித்து இழுத்தேன். "வேணாம்மா, கழட்டும்மா" என்று அழுதேன். எனக்கும் ஒன்று வேண்டும் என்று கேட்கிறேன் என நினைத்து அவர் ஒரு ஜோடி கொலுசை நீட்டினார். நான் அதைத் தொடவில்லை. சாக்லேட்டையும் தொடவில்லை. சாக்லேட்டைத் தொடாமல் இருக்க நான் பட்ட பாடு எனக்கும் அந்த ஆண்டவனுக்கும்தான் தெரியும்.

சவூதியில் அவருக்கு வருஷக்கணக்கில் நைட் ஷிப்ட். அதனால் பகல் முழுக்க அறைக் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கினார். ராத்திரி எழுந்து கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்தார். சாப்பிடும்போது என்னைப் பக்கத்தில் உட்காரச் சொல்வார், நான் அம்மாவின் அந்தப்பக்கம் உட்காருவேன். ஸ்கூலுக்குக் கூட்டிப்போகிறேன் என்று சைக்கிளை எடுப்பார், நான் முன்னால் ஓடிவிடுவேன். "என்னாடி இது, பெத்த அத்தாவ அத்தான்னு கூப்புட மாட்டியா? லீவு முடிஞ்சி போறதுக்குள்ள ஒரு வார்த்த கூப்புடுடி. மனுசன் அதுக்குத்தான ஏங்குறாரு" என்று அம்மா ஒருநாள் என்னைப் பிடித்து உலுக்கினார். அவருக்கு அது ஒன்றுதான் வேண்டியிருந்தது. எனக்கு அது ஒன்றைத்தான் கொடுக்க பயமாக இருந்தது. ராஜகுமாரி அவனை அப்பா என்று வாய்விட்டுக் கூப்பிட்டுவிட்டால், உண்மையான ராஜா கல் அறையை விட்டு எப்போதுமே வெளியே வர முடியாது. படத்தில் அப்படித்தான் சொன்னார்கள்.

நன்றாகத் தெரிந்துகொள்ள ஒரு வழி எனக்கு இருந்தது. அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் சவூதிக்கு யாரும் போன் பேச மாட்டார்கள், மிஸ்டு கால்தான் கொடுப்பார்கள். ரெண்டு தடவை மணி அடித்ததும் கட் செய்துவிட வேண்டும். அங்கிருப்பவர் பார்த்துவிட்டுத் திருப்பிக் கூப்பிடுவார். அம்மாவின் செல்போனில் எந்தப் பெயரை அமுக்க வேண்டும் என்பது எனக்கு அத்துப்படி. வெள்ளிக்கிழமைதோறும் அந்த வேலை என்னுடையதுதானே. இவர் பொய்யென்றால், உண்மையானவர் அங்கே இருக்க வேண்டும். இருந்தால் கூப்பிட வேண்டும்.

ஒரு மத்தியானம் அம்மா பக்கத்து வீட்டுக்குப் போயிருந்தார். வந்தவர் அறையில் தூங்கிக்கொண்டிருந்தார். நான் போனை எடுத்துக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்து மிஸ்டு கால் கொடுத்தேன். கொடுத்துவிட்டு, கூப்பிடக் கூடாது, கூப்பிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். யாரும் கூப்பிடாவிட்டால் உள்ளே இருப்பவர் அத்தா. நாளைக்கே சைக்கிளில் ஏறிவிடலாம், சாக்லேட்டும் தின்னலாம்.

போன் அடித்தது. அத்தா என்று அம்மா இங்கிலீஷ் எழுத்தில் போட்டு வைத்திருந்த அதே பெயர் மினுக்கியது. உள்ளே அறையிலிருந்து குறட்டைச் சத்தமும் கேட்டுக்கொண்டிருந்தது. பச்சைப் பொத்தானை அமுக்கி போனைக் காதில் வைத்தேன்.

"அத்தா?" என்றேன். எனக்கே கேட்காத குரல்.

"சொல்லுடா கண்ணு, அத்தாதான்." மெலிசான குரல். கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "என்னடா இந்த நேரத்துல? அம்மா பக்கத்துல இல்லியா?"

"நீங்க எங்க இருக்கீங்க?"

"எங்க இருப்பேன், ரூமுலதான் இருக்கேன்."

"அங்கேருந்து வெளிய வர முடியாதா, அத்தா?"

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு, "எப்படிடா வர்றது? பாஸ்போட்டப் புடுங்கி வெச்சிக்கிட்டாங்க. குடுக்க மாட்டேங்கிறாங்க. அது இல்லாம அத்தாவால எங்கியும் போவ முடியாது" என்று சொன்னார். சொல்லும்போதே குரல் உடைந்தது. ஆண் பிள்ளை அழுது அதுவரை நான் கேட்டதில்லை. "அம்மாகிட்ட சொல்லாத, என்னா? அவ தாங்க மாட்டா. நீ நல்லாப் படி. எப்புடியும் வந்துடுவேன்டா" என்று சொல்லி வைத்துவிட்டார்.

நான் படியிலேயே உட்கார்ந்திருந்தேன். உள்ளே குறட்டை நின்று, கட்டில் கிறீச்சிட்டது. அவர் எழுந்து வருகிறார். போனை இருந்த இடத்தில் வைத்துவிட்டுத் தெருவுக்கு ஓடிப்போய் இருட்டும் வரை வீட்டுப் பக்கமே வரவில்லை. யாரிடம் சொல்வது? அம்மா சங்கிலி போட்டுக்கொண்டு திரிந்தார். மாமா புது வாட்சு கட்டியிருந்தார். தெருவில் முக்கால்வாசிப் பேர் அவர் கொடுத்த பாதாமைத் தின்றிருந்தார்கள். மிச்சம் இருந்தது நான் ஒருத்திதான், எனக்கு ஒரு வாத்துகூட இல்லை.

படத்தில் மருந்து சொல்லியிருந்தார்கள். மலை மேல் ஒரு வெள்ளை ஊற்று. பால் மாதிரி வெள்ளை, ஆனால் பால் இல்லை, மண்ணுக்குள்ளிருந்து வருவது. எல்லோரும் கூடியிருக்கும் விருந்தில் அதைத் தலை வழியாக ஊற்றினால் வேஷம் கரைந்து மந்திரவாதியின் சொந்த முகம் வெளியே வந்துவிடும். மற்ற ஊர்ப் பிள்ளைகளாக இருந்தால் இதோடு விட்டிருப்பார்கள். எனக்கு அந்த ஊற்று எங்கே இருக்கிறது என்று தெரியும். பக்கத்து வீட்டு அக்கா கொல்லைக் கொட்டகையில் பொம்மை வார்ப்பார். வெள்ளைக் களிமண்ணைத் தண்ணீர்விட்டுக் கரைத்து, பால் பதத்தில் வாளி வாளியாக வைத்திருப்பார். அதை அச்சில் ஊற்றி, காய்ந்ததும் எடுத்து, சூளைக்கு அனுப்புவார். தெருப் பிள்ளைகள் விளையாடக் கேட்டால் ஒரு சொம்பு கொடுப்பார். நான் அன்றைக்கு ஒரு சின்னக் குடம் நிறையக் கேட்டேன். "எதுக்குடி இவ்ளோ?" என்றார். "ராஜா பொம்மை" என்றேன்.

அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து எங்கள் வீட்டில் விருந்து. மாமா வீட்டார், தெருவில் இருப்பவர்கள், எல்லோரும் வந்திருந்தார்கள். மங்கலம்பேட்டையிலிருந்து ஒரு பெண் என் வயதுப் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்திருந்தார். அத்தாவோடு அங்கே ஒரே ரூமில் தங்கியிருப்பவரின் மனைவி. புருஷன் கொடுத்தனுப்பிய பார்சலை வாங்கவும், நேரில் சேதி கேட்கவும் வந்திருக்கிறார் என்று அம்மா சொன்னார். அந்தப் பெண் சாப்பிடக்கூட உட்காரவில்லை. "எப்பண்ணே வராங்களாம்? போன வருசமே வரேன்னாங்க" என்று கேட்டுக்கொண்டு நின்றார்.

"ஆளு கொறச்சல்மா, ஓவர்டைமு. அதான் லீவு குடுக்கல. நல்லா இருக்காரு, ஒடம்புக்கு ஒன்னும் இல்ல. அடுத்த நோம்புக்குள்ள வந்துடுவாரு" என்றார் அவர். சொல்லும்போது அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்காமல் பார்சலில் கட்டியிருந்த கயிற்றைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

அவர் கீழே பாயில் உட்கார்ந்திருந்தார். நான் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னால் வந்து நின்றேன். யாரும் திரும்பிப் பார்ப்பதற்குள் அத்தனையும் தலையில் கவிழ்த்துவிட்டேன்.

களிமண் கெட்டியாக, மெதுவாக இறங்கியது. முடி, நெற்றி, மீசை, புதுச் சட்டை எல்லாம் வெள்ளை. நான் முகம் மாறுவதற்காகக் காத்திருந்தேன். மஞ்சள் கண்ணும் வௌவால் காதும் வரும் என்று பார்த்துக்கொண்டே நின்றேன். வெள்ளைக்கு நடுவில் ரெண்டு கண் திறந்து என்னைப் பார்த்தது. கோபமாகக்கூட இல்லை. அம்மா விட்ட அறையில் நான் சுவரில் போய் மோதினேன்.

"இவரு அத்தா இல்ல!" என்று கத்தினேன். "அத்தா அங்க ரூமுல இருக்காங்க. அவங்க பாஸ்போட்டப் புடுங்கி வெச்சிக்கிட்டாங்க. வர முடியலன்னு அழுதாங்க. என்கிட்ட போன்ல சொன்னாங்க. அம்மாகிட்ட சொல்லாத, அவ தாங்க மாட்டான்னு சொன்னாங்க!"

மாமா சிரிக்க ஆரம்பித்தார். வேறு யாராவது சிரித்திருந்தால் அன்றைக்கு அது சிரிப்பாகவே முடிந்திருக்கும். ஆனால் களிமண் வழிய உட்கார்ந்திருந்தவர் சிரிக்கவில்லை. மங்கலம்பேட்டைப் பெண்ணும் சிரிக்கவில்லை.

"எந்த நம்பருலேருந்து பேசுனாங்க பாப்பா?" என்று அந்தப் பெண் என்னைக் கேட்டார். நான் அம்மாவின் போனைக் காட்டினேன். அவர் அத்தாவின் பக்கம் திரும்பி, "அண்ணே, உங்க போனு இப்ப யாருகிட்ட இருக்குது?" என்றார்.

ரூமில் ரெண்டு பேருக்கும் ஒரே போன்தான். ரெண்டு வீட்டு மிஸ்டு காலும் அதற்குத்தான் போகும். அத்தா லீவில் வந்தபோது அதை அந்த ரூம்காரரிடம் கொடுத்துவிட்டு வந்திருந்தார். மங்கலம்பேட்டைப் பெண்ணின் வீட்டில் போன் கிடையாது. அக்கம்பக்கத்தில் யார் வீட்டுப் போன் கிடைக்கிறதோ அதிலிருந்து மிஸ்டு கால் கொடுப்பார்கள். அதனால் நம்பரை அந்த ரூம்காரர் பார்ப்பதே இல்லை. ஒரு சின்னப் பிள்ளை ரகசியமாக அத்தா என்று கூப்பிட்டதும் தன் பிள்ளை என்றே நினைத்துவிட்டார். ஊருக்கு வர முடியாத விஷயத்தை மனைவியிடம்கூட மறைத்து வைத்திருந்தவர், வெளியே வர முடியாதா என்று பிள்ளை கேட்டதும் சொல்லிவிட்டார்.

"அவருதாம்மா சொல்லக் கூடாதுன்னாரு. சத்தியம் வாங்கிக்கிட்டாரு" என்றார் அத்தா. "என் கம்பெனி இல்ல, அவரு கம்பெனிய மூடிட்டாங்க. மொதலாளி பாஸ்போட்டக் குடுக்க மாட்டேங்கிறான். கேஸு போட்டிருக்கு. எப்ப முடியும்னு யாருக்கும் தெரியல."

அந்தப் பெண் பார்சலை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அழவில்லை, பார்சலைத் தடவிக்கொண்டே இருந்தார். அத்தா வெள்ளைக் கையால் அம்மாவின் போனை வாங்கி நம்பரை அமுக்கினார். அன்றைக்கு மிஸ்டு கால் கொடுக்கவில்லை, எடுக்கும் வரை காத்திருந்தார். எடுத்ததும் அந்தப் பிள்ளையிடம் நீட்டினார். அவள் வாயில் இருந்த பிரியாணியை விழுங்கிவிட்டு, "அத்தா?" என்றாள்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். "சொல்லுடா கண்ணு" என்பது எனக்கும் கேட்டது. அந்தக் கண்ணு அவள்.

அவர்கள் பேசப் பேச எல்லோரும் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். அத்தா கொல்லைப்பக்கம் போய்க் குழாயடியில் உட்கார்ந்தார். களிமண் காதிலும் கழுத்திலும் காய ஆரம்பித்திருந்தது. என்னை அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன், ஆனாலும் போய் நின்றேன். எங்கே போவது?

"நான் யாருன்னு நெனச்ச?" என்று கேட்டார். நான் படக் கதையைச் சொன்னேன். கதவு தெரியாததையும் பகலில் தூங்குவதையும் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் தேய்ப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"லைட்டு சுவிச்சு எங்க இருக்குதுன்னு இன்னும்கூடத் தெரியலதான்" என்றார். "நானா இருந்தாலும் சந்தேகந்தான் பட்டிருப்பேன்."

பிறகு குனிந்து தலையைக் கழுவினார். வெள்ளைத் தண்ணீர் கால்வாயில் ஓடியது. அவர் திரும்பிப் போக இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. அம்மா காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருந்தது எனக்குத் தெரியும். அவர் போய்விட வேண்டும் என்று தினமும் அல்லாவிடம் துஆ கேட்டவள் நான்தான். இப்போது அந்த வட்டத்தை அழித்துவிட முடியுமா என்று யோசித்தேன்.

"அத்தா" என்றேன்.

அவர் கை அப்படியே நின்றது. குழாய் ஓடிக்கொண்டிருந்தது, அதை மூடக்கூட இல்லை. "என்னாம்மா? இன்னொருவாட்டி சொல்லு" என்றார்.

"அத்தா, உங்க பாஸ்போட்ட யாருகிட்டயும் குடுத்துடாதீங்க."

அவர் என்னைப் பார்த்தார். வாய் சிரித்த மாதிரி இருந்தது, கண் சிரிக்கவில்லை.

"எறங்குனதுமே வாங்கிக்குவாங்கம்மா" என்றார். "குடுத்தாத்தான் உள்ளயே விடுவாங்க."

அவர் முகத்தில் களிமண் கொஞ்சமும் மிச்சமில்லை. அது அத்தாவின் முகம்தான். எனக்கு முன்னைவிடப் பயமாக இருந்தது.